நகராத பிலிம்

பிள்ளைகளே, சின்ன வயதில் நீங்கள் பொய் சொன்னபோதெல்லாம் அடித்திருக்கிறேன். அதனால் என் பொய் ஒன்றையும் எழுதிவிடுகிறேன்.

ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது, எங்கள் டாங்கி பாக்டரிக்கு வந்திருந்த ரஷ்யக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய கேமராவை எனக்கு விற்றுவிட்டுப் போனார். அதன் சின்ன ஜன்னலில் பார்த்தால் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் ஒன்றாகச் சேரும். அப்போது அமுக்க வேண்டும். இப்படி ஒன்றைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டுதான் அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்கள் யுத்தகளம் வரை போனார்களாம். உள்ளே கண்ணாடி வைத்த கேமரா வந்தபிறகு இதற்கு மவுசு குறைந்ததாம். எங்கேயோ படித்த இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் அளந்துகொண்டே இருப்பேன். அவர் திருநெல்வேலிப் பக்கம்; என்னோடு ஒரே ஷிப்ட்.

அவர் மனைவிக்கு வளைகாப்பு வைத்தார்கள். ஊரில் அந்தம்மாவின் தாயார் படுத்த படுக்கை, வர முடியாது. போட்டோவாவது அனுப்ப வேண்டும் என்று பக்கத்தில் சேக்காட்டில் இருந்த ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட இருந்தார். "நான் இருக்கும்போது அவர் எதுக்கு?" என்றேன்.

பத்தாவது படத்தில்தான் கவனித்தேன். பிலிமைச் சுற்றினால் மறுபக்கத்துக் குமிழும் கூடவே திரும்ப வேண்டும். திரும்பவில்லை. பிலிம் உள்ளே மாட்டவே இல்லை. அப்போதே திறந்து சரிசெய்திருக்கலாம். அத்தனை பேர் முன்னால் கௌரவம் தடுத்தது. "இன்னும் கொஞ்சம் சிரிங்கம்மா" என்று முப்பத்தாறு வரை அமுக்கினேன்.

ஸ்டூடியோக்காரர் பிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னா நைனா, துளிகூட நவுரல. வெறும் கண்ணாடி மாரி கீது!"

பக்கத்து வீட்டுக்காரரிடம் நான் சொன்னது: "ஸ்டூடியோவுல கழுவும்போது கெடுத்துட்டாங்க."

அவர் என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனார்.

"என்னவே, தொழில் தெரியாதா உமக்கு? எங்க அத்தை கண்ண மூடுறதுக்குள்ள மவளப் பாக்கணும்னு கெடக்கு!"

ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படங்களைப் பார்த்தேன்.

"தப்புதான் சார். மருந்து கெட்டுப்போச்சு. நாளைக்கு ஊட்டாண்ட வந்து சும்மாவே எடுத்துக் குடுக்கறேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். அந்தம்மா மறுபடி பட்டுச்சேலை கட்டி, கன்னத்தில் சந்தனம் பூசி உட்கார்ந்தார். "அண்ணாத்தே, இத்த கொஞ்சம் தூக்கிப் புடி" என்று ஸ்டூடியோக்காரர் விளக்கை என் கையில் கொடுத்தார். பிடித்துக்கொண்டு நின்றேன். படம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது, தாயாரும் பார்த்தார்கள். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறவில்லை. "அந்தாளுகிட்ட பிலிம் குடுக்காதீக" என்று பிளாக் முழுக்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற நான் தலையாட்டினேன். பிலிம் கழுவ எல்லாரும் அம்பத்தூருக்குப் போக ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் சேக்காட்டில் ஸ்டூடியோக்காரர் தன் கடை வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "இன்னா நைனா, கேமரா நல்லா கீதா?" என்றார். குத்தலே இல்லை, நிஜமாகவே விசாரித்தார்.

"நல்லா இருக்கு" என்றேன். சைக்கிளை விட்டுக் கீழே இறங்கக்கூட இல்லை.