ஒன்பது மணி ஏரியும் ஐந்து மணிக் குளமும்

வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. பூண்டியிலிருந்து கொடைக்கானல் போகும் பேருந்தில் முன் கதவுக்குப் பக்கத்து இருக்கை எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்ன, பிடித்தேன். என் மடியில் கேமரா. பக்கத்தில் என் கூட்டாளி ராசம்மா, அவள் மடியில் எலுமிச்சைச் சோற்றுத் தூக்கு. மாசி மாதம். பழனியில் தைப்பூசக் கூட்டம் வடிந்திருக்க வேண்டும், அடிவாரக் குளங்களில் தண்ணீர் வடிந்திருக்கக் கூடாது. அப்படி ஒரு நாளாகப் பார்த்துத் தேதி குறித்தது நான்தான்.

எதற்கு இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் டீச்சரம்மா ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டின் மாடியில் நான்கு அறை கட்டி வெளியூர்க்காரர்களைத் தங்க வைக்கிறார். அங்கே சமையல் என்னுடையது. அடுத்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து எட்டுப் பெண்கள் வருகிறார்கள். எட்டுப் பேரும் பறவைகளைப் படம் எடுப்பவர்கள். இரண்டு நாள் வேண்டும், ஏரி குளம் மட்டும் போதும், மலையிலும் வேண்டும் அடிவாரத்திலும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். திட்டம் போட்டுத் தர, கொடைக்கானல் டவுனில் வழிகாட்டி வேலை பார்க்கும் ஸ்டீபனைக் கூப்பிட டீச்சரம்மா போனைக் கையில் எடுத்தார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“நான் போடுறேன் டீச்சரம்மா.”

“நீயா காமாட்சி?”

“எந்தத் தண்ணியில எந்தப் பறவை எந்நேரம் வரும்னு அவனுக்கு என்ன தெரியும்? அவனுக்குத் தெரிஞ்சது படகும் குதிரையும்.”

டீச்சரம்மா சிரிக்கவில்லை. பாடம் நடத்தின பழக்கம். “அப்போ முதல்ல நீ போய்ப் பாத்துட்டு வா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்க போன் பண்ணுவாங்க. அதுக்குள்ள படமும் வரணும், திட்டமும் வரணும். வந்தா அந்த ரெண்டு நாளும் நீதான் கூட்டிட்டுப் போறே. வரலைன்னா ஸ்டீபன்.”

சமையற்கட்டிலிருந்து வேனின் முன் இருக்கைக்கு ஒரு வழி திறந்தது. அந்த வழியில்தான் பேருந்து ஏறினேன்.

கேமராவும் இனாம் கிடையாது. முன்பு வந்து தங்கிய ஓர் அம்மாள் புதிது வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்தார். பத்துக் கிலோ மலைப்பூண்டை அவர் காரில் ஏற்றிய பிறகே நான் கையில் வாங்கினேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. கேமராவில் உள்ள இங்கிலீஷ் எழுத்தால் எனக்கு ஆகவேண்டியது எதுவுமில்லை. திருகு வட்டத்தில் ஓடுகிற மனிதன் படம் இருந்தால் பறக்கிற பறவைக்கு, மலை இருந்தால் தூரத்துக்கு. திட்டத்தையும் அப்படித்தான் நோட்டில் போட்டு வைத்திருந்தேன். மேலே ஒரு வட்டம், மன்னவனூர் ஏரி. கீழே ஒரு வட்டம், ஆயக்குடிப் பக்கத்துக் குளம். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் ஒரு கடிகாரம். இரண்டு கடிகாரத்திலும் மணி ஒன்பது.

ஏழே முக்காலுக்கு மன்னவனூரில் இறங்கினோம். ஏரி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சுவர் நின்றது. புல்லெல்லாம் உறைபனி, செருப்புக்குள் கால் மரத்துப் போனது. ராசம்மா கரையில் குந்திப் பிளாஸ்க்கைத் திறந்தாள். அவள் இளம் வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். இத்தனை வருடம் ஆகியும் டீயை அவள் டீ என்று சொன்னதில்லை.

“தேத்தண்ணி குடி. ஒம் பறவையெல்லாம் இன்னும் கம்பிளிக்குள்ள கெடக்கு.”

“ஒம்பது மணிக்கு வரும் பாரு.”

ஒன்பதுக்குப் பனி விலகியது. திரைச்சீலையை ஒதுக்கினதுபோல ஒரு பக்கமாக நகர்ந்து போனது. தண்ணீர் பளிச்சென்று கண்ணைத் திறந்தது. முக்குளிப்பான்கள் நான்கு, வாத்துக் குஞ்சளவுதான் இருக்கும், வெயில் பட்ட இடமாகப் பார்த்து வந்து முங்கி எழுந்தன. கரைச் சேற்றில் வாலாட்டிகள் வாலை ஆட்டிக்கொண்டு ஓடின. கம்பி வேலியில் ஒரு மீன்கொத்தி, முதுகில் வெயில் வாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தது. சாவகாசமாக எடுத்தேன். ஒரு முக்குளிப்பான் வாயில் மீனோடு என்னையே பார்த்தது. அந்தப் படம் ஒன்றே போதும் என்று நினைத்தேன்.

பதினொன்றரைப் பேருந்தைப் பிடித்து, முப்பத்தைந்து கிலோமீட்டர் வந்து, ஒரு மணிக்குக் கொடைக்கானலில் இறங்கினோம். பேருந்து நிலையத்திலேயே ஸ்டீபன் நின்றான். சேதி அவனுக்கு எட்டியிருந்தது.

“என்ன பெரியம்மா, பேர்ட் வாட்சிங்கா? நல்லதுங்க. ஆனா ஒண்ணு, பேர்ட்ஸ் நம்ம கண்ட்ரோல்ல இல்லைங்க. லேக், பைன் ஃபாரஸ்ட், பில்லர் ராக்னா எங்கயும் ஓடிப் போகாது. சேஃப் பேக்கேஜ்.”

“பாறையைப் படம் எடுக்க எட்டுப் பேரு எதுக்குப்பா கோயம்புத்தூர்லருந்து வரணும்? வெரசா வழியை விடு, பழனி வண்டி கெளம்புது.”

பழனிக்கு அறுபத்து நான்கு கிலோமீட்டர், ஆளுக்கு எழுபது ரூபாய். பெருமாள்மலை தாண்டி வளைவு வளைவாக இறங்க இறங்க, நான் முதலில் மப்ளரைக் கழற்றினேன், பிறகு ஸ்வெட்டரை. சவரிக்காட்டுக்குக் கீழே காது அடைத்துத் திறந்தது. வரதமாநதி அணை ஜன்னலோரம் வந்தபோது கை விசிறிக்கொண்டிருந்தேன். மூன்றே முக்காலுக்குப் பழனி. அடிவாரத்தில் ஒரு மடத்தில் முந்நூறு ரூபாய்க்கு அறை. சாப்பிட்டுப் படுக்கும் முன்பே மறுநாளுக்கு ஆட்டோ பேசி வைத்தேன். ஓட்டுநர் பெயர் முத்து, நாற்பது வயது இருக்கும்.

“குளத்துக்கா? எத்தனை மணிக்குங்க வரட்டும்?”

“எட்டரைக்கு வா. ஒம்பதுக்கு அங்க நிக்கணும்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கேட்கவில்லை. என் திட்டம் மலையில் மணி பார்த்ததுபோல நடந்திருந்தது.

சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. ஆயக்குடி கொய்யாத் தோப்புகளைத் தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் ஆட்டோ நின்றது. குளம் நான் நினைத்ததைவிடப் பெரியது. நடுவில் கருவேல மரங்கள் தண்ணீருக்குள் நின்றன. ஆறு எருமைகள் கிடந்தன. மடைப் பக்கம் ஒரு குருட்டுக் கொக்கு. அவ்வளவுதான். கருவேல மரங்களின் கிளையெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல எச்சம். எச்சம் இருக்கிறது, பறவையைக் காணோம். வெயில் தண்ணீரில் பட்டுத் துள்ளியது. கேமராவை நீட்டிப் பார்த்தால் அக்கரை அடுப்பு அனலில் தெரிவதுபோல நெளிந்தது.

கரையில் அங்கும் இங்கும் நடந்தேன். பத்து மணியாயிற்று. கொக்கும் பறந்து போனது.

“எங்கப்பா பறவை?”

முத்து ஆட்டோவில் சாய்ந்துகொண்டு பல் குத்திக்கொண்டிருந்தான். “என்னங்காத்தா, கல்யாணம் முடிஞ்சு பந்தியையும் எடுத்தப்பறம் வந்து பொண்ணு மாப்பிள்ளை எங்கன்னு கேக்குறீக?”

“ஆத்தா இல்ல, பெரியம்மான்னு சொல்லு.”

“சரிங்க பெரியம்மா. ராத்திரி பூராம் இந்தக் கருவ மரத்துலதான் அடைஞ்சு கெடக்கும். நத்தைகுத்தி, அரிவாமூக்கன், செங்கால் நாரை எல்லாம். வெளுப்பு தட்டுதுன்னு தெரிஞ்சதும் சோலிக்குக் கெளம்பிரும். வயக்காடு, ஆத்தங்கரைன்னு மேஞ்சுட்டு நல்லா இருட்டினப்பறம்தான் வரும். காலையில அஞ்சரைக்கு இங்க நிக்கணும்ங்க. நேத்தே சொல்ல வந்தேன்.”

ராசம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நம்ம மலைப் பறவை ஒம்பது மணிக்கு வெயில் காய வர்ற தொரைமாரு. இதுக கொழுந்தெடுக்கப் போற ஆளுக. எங்க தோட்டத்துல விடிய முன்ன ஆளெண்ணுற பெரட்டுக்களத்துல பேர் குடுத்துட்டு மலையேறிருவோம். ஒம்பது மணிக்கு வந்து லயத்து வீட்டுல தேடினா யார் இருப்பா?”

தவறு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் மலையில் ஒன்பதுக்கு முன் பனிதான் இருக்கும், எதுவும் தெரியாது. விடியலென்றால் எங்களுக்கு ஒன்பது. அந்த விடியலை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு வந்து வெயில் நாட்டில் இறக்கியிருந்தேன். இந்தக் கையோடு பூண்டிக்குப் போனால் டீச்சரம்மாவுக்கு முன் ஒரு முக்குளிப்பானும் ஆறு எருமையும்தான். ஸ்டீபன் பல்லைக் காட்டுவான்.

பதினொரு மணி வண்டிக்குத் திரும்புவதாகத்தான் பேச்சு. ராசம்மா தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“உக்காரு. நாளைக்குக் காலையிலயும் இங்கதான்.”

“நாளைக்குக் கேரட் கழுவ நான் போகணும். மேஸ்திரி கத்துவான்.”

“இன்னிக்குத் தங்குறதுதான் திட்டம்.”

“எப்ப இருந்து?”

“இப்ப இருந்து.”

அவள் முத்துவைப் பார்த்தாள். முத்து என்னைப் பார்த்தான். “அஞ்சு மணிக்கு வண்டி மடத்து வாசல்ல நிக்கும் பெரியம்மா. தூங்கிராதீக” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரை. கரையில் ஆள் முகம் தெரியாத வெளிச்சம். ஆனால் குளம் விழித்திருந்தது. கருவேல மரங்களிலிருந்து கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம்போல ஒரே கலகலப்பு, இறகு தட்டும் சத்தம், அலகு தட்டும் சத்தம். எடுத்த முதல் நான்கு படம் இருட்டில் கை நடுங்கிக் கலைந்துபோனது. கேமராவை ஊன்ற ஓர் இடம் வேண்டும். மடைக் கல்லில் வைத்தால் சரிந்தது. அப்போதுதான் நேற்று முழுவதும் சுமையாகத் தூக்கித் திரிந்த ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது. நான்காக மடித்துக் கல்லின்மேல் வைத்து, அதன்மேல் கேமராவை அழுத்தினேன். பிள்ளை படுத்ததுபோலப் படுத்துக்கொண்டது. வட்டத்தை ஓடுகிற மனிதனுக்குத் திருகினேன்.

“பெரியம்மா, கெழக்க பாருங்க!”

கிழக்கே ஒரு விரல் அளவு வெளுத்திருந்தது. முதலில் அரிவாள்மூக்கன்கள் எழுந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, கயிறு கட்டி இழுத்ததுபோல. அடுத்து நத்தைகுத்தி நாரைகள், அலகு நடுவில் சந்து விட்டிருப்பதே தெரியும்படி தலைக்கு மேல். கடைசியாகச் செங்கால் நாரைகள், சிறகு விரித்தால் வேட்டி உதறினதுபோல. விரலை எடுக்கவே இல்லை. கேமரா பொரிகடலை வறுக்கிற சத்தம் போட்டது. அரைமணி நேரம் இருக்கும். பிறகு மரங்கள் காலியாக நின்றன, நேற்று நான் பார்த்ததைப்போல.

நிமிர்ந்து தெற்கே பார்த்தேன். எங்கள் மலை நின்றது. அடியிலிருந்து பாதி வரை நீலம், அதற்குமேல் ஒன்றும் தெரியாதபடி வெள்ளை மூடியிருந்தது. என் ஊர் அந்த வெள்ளைக்குள் இருக்கிறது. இங்கே எல்லாம் முடிந்துவிட்டது, அங்கே இன்னும் தொடங்கவில்லை. ஊரைக் கீழே நின்று நான் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முத்து கேட்டான். “வரப் போறவங்க கோயம்புத்தூருன்னா ஒடுமலை வழியா இங்கன வந்துதானுங்க மலை ஏறணும்? அவங்களை எதுக்கு மேல கூட்டிட்டுப் போய்த் திரும்பக் கீழ இறக்குறீக?”

மேலே இருக்கிறவளுக்கு எந்தப் பயணமும் இறக்கத்தில்தான் தொடங்கும். அவன் சொல்லும்வரை எனக்கு அது தோன்றவில்லை. ஆட்டோவிலேயே நோட்டைத் திறந்து தலைகீழாகத் திருப்பினேன். கீழ் வட்டம் மேலே வந்தது. அதன் கடிகாரத்தை அடித்துவிட்டு, ஆட்டோ கிளம்ப வேண்டிய ஐந்து மணியைப் போட்டேன். மற்றக் கடிகாரத்தை நான் தொடவில்லை.

ஏழரைக்குப் பழனியில் வண்டி ஏறி, பத்தே காலுக்குக் கொடைக்கானல், அங்கே ஊர் வண்டிக்குக் காத்துக் கிடந்து மூன்றரைக்குப் பூண்டி. ஸ்வெட்டரைத் திரும்பப் போட்டேன், நாரை எச்சம் ஒரு சொட்டு அதில் காய்ந்திருந்தது. டீச்சரம்மா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நத்தைகுத்தி தலைக்கு மேல் பறக்கிற படத்தில் வெகுநேரம் நின்றார்.

“ரெண்டு இடத்துக்கும் ஒம்பது மணின்னுதானே சொன்னே?”

“ஒம்பது மணி தப்பில்லைங்க டீச்சரம்மா. அதைக் கொண்டுபோய்க் கொளத்துக்கு வச்சதுதான் தப்பு. மொத நாள் ராத்திரி அவங்க பழனியில தங்கட்டும். வெள்ளனே அஞ்சு மணிக்குக் கெளம்பிக் கொளம். அப்பறம் மலையேறி நம்ம வீட்டுல சாப்பாடு, தூக்கம். மறுநாள் ஒம்பது மணிக்கு மன்னவனூர்.”

சரியாக ஆறு மணிக்குப் போன் அடித்தது. டீச்சரம்மா கொஞ்சம் பேசிவிட்டு, “வழிகாட்டி யாருன்னு கேக்கறாங்க” என்று போனை என்னிடம் நீட்டினார். டீச்சரம்மாவிடம் சொன்ன திட்டத்தையே திரும்பச் சொல்லி, ஸ்வெட்டர் கொண்டுவரச் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர், குளிருமா, எதற்கு ஸ்வெட்டர், கீழே வெயில்தானே என்று கேட்டார்.

“கொண்டாங்க. கீழ கேமராவுக்கு, மேல ஒங்களுக்கு.”

போனை வைத்ததும் டீச்சரம்மா கேட்டார். “சரி, அந்த ரெண்டு நாள் சமையலுக்கு?”

“ராசம்மா பாத்துக்குவா. அவ மேஸ்திரிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“வேற ஏதாவது வேணுமா?”

“வேன்ல முன் சீட்டு. கதவுப் பக்கம்.”