அதே மாத்திரைதான், அப்பா

குளச்சலில் எங்கள் தெருவுக்கே நர்ஸ் லீமாதான். பிரஷர் பார்க்க, ஊசி போட, ஸ்கேன் ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க, எல்லோரும் அவள் வீட்டுக்குத்தான் ஓடுவோம். அவளுக்கு இங்கிலாந்தில் வேலை தயாராக இருந்தது. நர்ஸ்களுக்கான ஆங்கிலத் தேர்வு மட்டும் பாக்கி. இரண்டு தடவை தோற்றுவிட்டாள். இன்னொரு தடவை தோற்றால் அந்த வேலை கை நழுவிவிடும்.

முதல் தடவை கவிழ்த்தது கடிதம். டாக்டருக்கு எழுதுகிற கடிதத்தில் நோயாளியின் நிலைமை ‘சேம்’, மருந்து ‘சேம்’, சாப்பாடும் ‘சேம்’ என்று எழுதிவைத்தாள். நாகர்கோவில் கோச்சிங் சென்டரில் லிபின் சார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“நெலம மாறலேன்னா ‘அன்சேஞ்ச்ட்’. ரெண்டு மருந்துக்கும் ஒரே பலன்னா ‘ஈக்விவலன்ட்’. அச்சு அசலா ஒண்ணுன்னா ‘ஐடென்டிக்கல்’. எழுதிப் பழகு.”

அந்தச் சொற்கள் லீமாவுக்கு ஒரேயடியாகப் பிடித்துப்போயின. மீன் வாங்கும்போதுகூட ஐடென்டிக்கல்தான். இரண்டாவது தடவை கடிதம் தப்பித்தது, பேச்சு கவிழ்ந்தது. அதில் ஒருவர் நோயாளியாக நடிப்பார், நர்ஸ் அவருக்குப் புரியவைக்க வேண்டும். அவரிடமும் லீமா அதே பெரிய சொற்களைக் கொட்டியிருக்கிறாள்.

“ஒரே காரியத்துக்கு இத்தன சொல்லு எதுக்கு, ஸ்மைலினக்கா? எத எப்பம் சொல்லணும்னு அந்த வெள்ளக்காரனுவளுக்கு மட்டும் எப்பிடித் தெரியுது?” என்று என்னிடம் கேட்டாள். நான் தையல் மிஷினே கதி என்று கிடப்பவள், எனக்கென்ன தெரியும்? ஆனால் அந்தக் கேள்வி என்னையும் தொற்றிக்கொண்டது.

ஒரு நாள் பிளவுஸ் கொடுக்கப் போனபோது வீட்டில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நோயாளி, அவள் அப்பா கபிரியேல். மஸ்கட்டில் படகு வேலை பார்த்தவர். அரைகுறை ஆங்கிலம் தாராளமாக வரும். மனைவி போனபின் அந்த வீட்டில் அப்பாவும் மகளும்தான்.

“ஓல்ட் டேப்லெட் ஒயிட். திஸ் பிங்க். ஒய், சிஸ்டர்?”

லீமா ஈக்விவலன்ட், ஐடென்டிக்கல் என்று பொழிந்து தள்ளினாள். அவர் பவ்யமாக, “ஓகே சிஸ்டர், தேங்க்யூ” என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஒத்திகை முடிந்து, அவருக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுக்க டப்பாவைத் திறந்த லீமா அப்படியே நின்றுவிட்டாள். போன வாரம் வாங்கிய பிங்க் மாத்திரை அட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை. மனிதர் நடிக்கவே இல்லை.

“நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னனேப்பா!” என்று கத்தினாள்.

“சொன்ன மக்கா. மஸ்கட்டுல கம்பெனிக்காரன் சம்பளத்தக் கொறைக்கும்போதான் இப்பிடிப் பெரிய இங்கிலீஷ் பேசுவான். நீயும் பேசின ஒடனே, என்னத்தையோ ஒளிக்கன்னு நெனச்சேன். சீக்கு முத்திட்டு, மருந்த மாத்திட்டாவ, ஒனக்கு எங்கிட்ட சொல்ல தைரியமில்லன்னு.”

எனக்கு அவர்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. லீமா அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

“அதே மாத்திரைதாம்பா. கம்பெனிதான் வேற. ஒங்க சீக்கு ஒண்ணும் கூடல.”

அவர் மகளின் முகத்தையே பார்த்தார். பிறகு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

மூன்றாவது தேர்வில், இன்சுலின் பேனா மாறியதற்காகப் பயப்படுகிற ஒரு பெண்மணி வந்தாராம். “கடிதத்துல ஈக்விவலன்ட்னு எழுதினேன். அந்தம்மாகிட்ட, ‘இட்ஸ் த சேம் மெடிசின், யூ ஆர் நாட் கெட்டிங் வொர்ஸ்’னு சொன்னேன்க்கா. அவங்க பயம் என்னன்னு எனக்குத்தான் தெரியுமே!”

பாஸாகிவிட்டாள். தெரு முழுக்க லட்டு. கபிரியேல்தான் எல்லோருக்கும் ஊட்டிவிட்டார்.

“மாத்திர போட்டியளாப்பா?” என்று அந்தக் கூட்டத்திலும் கேட்டாள் லீமா.

“போட்டாச்சு. அங்க போனாலும் கேப்பியா?”

“தெனமும் போன்ல கேப்பேன்.”

“போன்ல கேக்கதும் நேர்ல கேக்கதும் சேமா, சிஸ்டர்?” அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

லீமா சிரிக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லப்பா” என்றாள்.