அறுபத்தொன்றாவது தலை

வீடு மாறுகிறவர்கள் முதலில் தண்ணீர் வருமா, பஸ் நிற்குமா என்றுதான் விசாரிப்பார்கள். ஜினி அதையெல்லாம் கேட்கவில்லை. முதலில் பள்ளிக்கூடம், அதற்குப் பிறகு அதன் பக்கத்தில் ஒரு வீடு என்பது அவள் கணக்கு. அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

குளச்சலில் அவர்கள் ஒன்பது வருஷம் குடியிருந்த வாடகை வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். கணவன் பிரைட்டன் குவைத்தில் ஏசி மெக்கானிக். ஜினி வீட்டிலிருந்தே ஜாக்கெட்டும் சுடிதாரும் தைப்பவள். தையல் மிஷினை எந்த ஊரில் இறக்கி வைத்தாலும் ஓடும். தனியார் பள்ளி கட்டுப்படியாகாது, நல்ல அரசுப் பள்ளி இருக்கிற ஊராகப் பார்த்துப் போய்விடுவோம் என்று இருவரும் போனில் பேசி முடிவு செய்தார்கள். மூத்தவள் ஜாஸ்பின் மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும், இளையவன் எபின் ஒன்றாம் வகுப்புக்கு.

அந்த ஏப்ரலில் ஜினி ஏழு பள்ளிக்கூடம் ஏறி இறங்கினாள். கையில் அளவு நோட்டு. முன்பக்கங்களில் ஊர்ப் பெண்களின் தோள், கழுத்து, கைநீளம். பின்பக்கங்களில் பள்ளிக்கூடங்களின் அளவு. குழாயில் தண்ணீர் வருகிறதா, கக்கூஸ் கதவுக்குக் கொண்டி உண்டா, எத்தனை பிள்ளைக்கு எத்தனை டீச்சர், எல்லாம் எழுதினாள். கடைசியாக ஒரு சோதனை வைப்பாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு இங்கிலீஷ் வாசிக்கச் சொல்வாள். அவளே பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள், இங்கிலீஷைக் கண்டால் பயம். அதனால் திக்காமல் வாசித்தால் நல்ல பள்ளி, திக்கினால் இல்லை. அவளுக்குத் தெரிந்த அளவுகோல் அது ஒன்றுதான்.

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளி அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நூலகம்கூட இருந்தது. ஆனால் அங்கே வாசித்த பையன் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி, வார்த்தைக்கு வார்த்தை திக்கினான். ஜினி அதன் எதிரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டாள்.

அப்போதுதான் ஜெபகுமாரி டீச்சர் வந்தாள். வேற்றாள் இல்லை. குளச்சல் சபையின் பாடகர் குழுவில் எட்டு வருஷம் ஜினியின் பக்கத்தில் நின்று ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடியவள். எபின் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கூட இருந்தவள். இப்போது அஞ்சுகிராமம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை. வீட்டைக் காலி செய்வதற்கு முன் ஜினி வைத்த ஜெபக்கூட்டத்துக்கு அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, முழங்காலில் நின்று, இந்தக் குடும்பத்துக்கு ஒரு வழியைக் காட்டும் என்று அழுது ஜெபித்தாள். எழுந்து கண்ணைத் துடைத்ததும் வழியையும் அவளே காட்டினாள்.

"எங்க பள்ளிக்கூடத்த வந்து பாரு மக்கா. பிடிக்கலன்னா விட்டுரு. எம்பிள்ளைய மாதிரி பாத்துக்கிடுவேன், நீ பயப்படாண்டாம்."

ஜினி போய்ப் பார்த்தாள். கொண்டி இருந்தது, தண்ணீர் வந்தது. ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி எழுந்து, குருவி கூடு கட்டுகிற பாடத்தை ஓரிடத்திலும் நிற்காமல் இங்கிலீஷில் வாசித்து முடித்தாள். ஜினிக்குக் கண் நிறைந்துவிட்டது. நோட்டில் 'நல்லது' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். மே மாதம் டெம்போவில் மிஷினும் கட்டிலும் ஏறின.

வருஷம் நன்றாகத்தான் போயிற்று. ஜாஸ்பின் குருவிப் பாடத்தை வாசிக்கும்போது ஜினி மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள். மார்ச்சில் ஒரு நாள் வீடியோ காலில் பிரைட்டன் புதிதாக வாங்கிய மிக்ஸியின் பெட்டியைக் காட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு, வாசி மக்கா" என்றான். ஜாஸ்பின் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை வரவில்லை. போனை வைத்ததும் ஜினி பாடப்புத்தகத்தை எடுத்து வேறொரு பக்கத்தைப் பிரித்தாள். அதுவும் வரவில்லை. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, "குருவிப் பாடம் சொல்லு" என்றாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், மூடிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஜாஸ்பின் அழகாகச் சொன்னாள்.

"டீச்சர் இத மட்டும் நல்லா படிக்கச் சொல்லியிருக்காங்க ம்மா. ஆராவது வந்தா வாசிக்கணும்லா."

மறுநாள் ஜினி பள்ளிக்குப் போனாள். டீச்சர் இல்லை; ஏதோ ஆபீஸ் வேலை, வாரத்தில் மூன்று நாள் அப்படித்தான் என்றார்கள். சத்துணவு சமைக்கும் முத்துக்கனி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, நல்ல மனசோடுதான் சொன்னாள்.

"நீ வந்த நேரம் நல்ல நேரம் பாத்துக்க. பள்ளிக்கூடத்துல மொத்தம் அம்பத்தொம்பது பிள்ளதான் இருந்துச்சு. ஆகஸ்டு ஒண்ணாந் தேதி தலைய எண்ணுவாங்க. அறுபத்தொண்ணு இருந்தாதான் மூணாவது டீச்சருக்கு இங்க வேல. இல்லன்னா எங்கயாவது தூக்கிப் போட்டிருவான். உன் ரெண்டு பிள்ளையாலதான் ஜெபகுமாரி டீச்சரு பொழச்சாங்க."

ஜினி வீட்டுக்கு வந்து, தைக்க வேண்டிய துணியை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். இங்கிருந்து மாற்றிவிடுவார்கள், உதவி செய் என்று ஜெபகுமாரி கேட்டிருந்தால்கூட ஜினி யோசித்திருப்பாள். கேட்கவில்லை. முழங்காலில் நின்று, கடவுளையும் சேர்த்துக்கொண்டு ஏமாற்றிவிட்டாள். அதைவிட வலித்தது வேறொன்று. தக்கலைப் பையன் திக்கியது, அவன் உண்மையாகவே வாசித்ததால். அதை அடித்துவிட்டு, பாட்டுப் போல ஒப்பித்ததற்கு இரண்டு கோடு போட்டது அவள் கைதான்.

ஏப்ரலில் டீச்சர் வீடு தேடி வந்தாள், ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்தோடு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போனால், புதிதாகச் சேருகிறவர்களைக் கூட்டினாலும் இந்த வருஷமும் இரண்டு தலை குறையும்.

"சபிதான்னு ஒருத்தி நாளைக்கு வாறா. ரெண்டு பிள்ள. உன்ன மாதிரியே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா பாத்துட்டு நடக்கா. நீ வந்து ஒரு வார்த்த சொன்னா போதும், கேட்டியா?"

"வாறேன் டீச்சர்" என்றாள் ஜினி.

பத்து வருஷமாக அக்கா என்று கூப்பிட்டவள் டீச்சர் என்று சொன்னது ஜெபகுமாரி காதில் விழவே இல்லை.

மறுநாள் சபிதா கக்கூஸ் கொண்டியை இழுத்துப் பார்த்துவிட்டு வகுப்புக்குள் வந்து ஜினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் வரிசையைப் பார்த்தாள்.

"ஜாஸ்பின், எந்திச்சு வாசி மக்கா."

ஜாஸ்பின் எழுந்து குருவிப் பாடத்தை வாசித்தாள். சபிதாவின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. போன வருஷம் தன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஜினிக்குத் தோன்றியது. எழுந்து போய், மகளின் கையிலிருந்த புத்தகத்தில் நாலைந்து தாள் தள்ளிப் புரட்டினாள். பக்கம் முழுவதும் ஒரு ரயில் படம்.

"இத வாசி மக்கா."

"ஜினி, பிள்ளைய எதுக்குப் பேடிக்க வைக்குத? பயந்து நிக்கா பாரு" என்றாள் டீச்சர்.

ஜாஸ்பின் ரயிலைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். பிறகு குருவிப் பாடத்தையே, முதல் வரியிலிருந்து, முன்பைவிடச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள். சபிதா எட்டிப் புத்தகத்தைப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை; படம் தெரிந்தது.

"ஒரு வருஷமா எம்பிள்ள இங்க படிக்கல டீச்சர்" என்றாள் ஜினி. "எண்ணிக்கைக்கு இருந்திருக்கா."

சபிதா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஜாஸ்பின் மட்டும் நிறுத்தவில்லை. கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று டீச்சரின் முகத்தைத்தான் பார்த்தாள், அம்மாவைப் பார்க்கவில்லை.