மூன்று கரண்டி விளக்கெண்ணெய்

அத்தான், அதாவது அக்காவின் கணவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போவதற்கு முந்தைய வருடங்களில் நாங்கள் இருவரும் தருமபுரத்து ரப்பர் பட்டறையில் ஒரே மிஷினுக்கு எதிரெதிரே நின்று வேலை பார்த்தோம். சைக்கிளுக்கு பிரேக் கட்டை செய்யும் பட்டறை அது. சைகோனிலிருந்து கப்பலில் வரும் ரப்பர் பாளங்களை, உள்நோக்கிச் சுழலும் இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிசைய வேண்டும். லேசில் மசியாது. கரியும் கந்தகமும் சேர்வதற்கு முன் இளகட்டும் என்று ஒரு கரண்டி விளக்கெண்ணெய் விடுவோம். ஒன்றுதான் கணக்கு. கூடிவிட்டால் சில நாள் கழித்து ரப்பர் எண்ணெயைக் கக்கும்.

ஒரு நாள் பக்கத்து மிஷின்காரரின் நான்கு விரல்களை உருளை இழுத்துக்கொண்டது. ரத்தத்தைக் கழுவிவிட்டு மறுநாளே எங்களை வேலைக்கு நிறுத்தினார்கள். மார்கழிக் குளிரில் ரப்பர் கல்லாகக் கிடந்தது. அதை அழுத்தித் தள்ள எனக்குத் துணிவில்லை. சீக்கிரம் இளகித் தொலையட்டும் என்று மூன்று கரண்டி ஊற்றினேன். அத்தான் குனிந்திருந்தார். பார்க்கவில்லை என்றே நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, அரசலாற்றுப் பாலத்துச் சரிவில் அத்தானின் சைக்கிள் நிற்காமல் ஓடி ஒரு கட்டைவண்டியில் மோதியது. அவருடைய வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். அன்று சைக்கிளை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தவன் நான். பிரேக் கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் பட்டறைக் கட்டை. விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது.

"மழைத் தூத்தல்ல வழுக்கிடுச்சு" என்றாள் அக்கா. பாவி நானும் ஆமாம் என்றேன்.

ஒரே வீட்டில்தான் இருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கால் இழுபடும் சத்தம் கேட்டால் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவேன். கனவில் உருளைகள் சுழலும். நடுவே சிக்கியிருப்பது என் கையாக இருக்காது, அவர் காலாக இருக்கும். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தட்டிக்கழித்தேன்.

நான்காம் வருடம் தாங்க முடியவில்லை. அக்கா கடைத்தெருவுக்குப் போயிருந்த ஒரு பகலில் சொல்லிவிட்டேன்.

"அத்தான், அன்னிக்கு மழையால விழல நீங்க. நான்தான் எண்ணெய அதிகமா ஊத்திட்டேன்."

அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "தெரியும். எதிர்லதான நின்னேன். உருளையப் பாத்துப் பயந்துகிட்டே ஊத்துனே. அப்ப ஏதாவது சொன்னா பதறி உன் கை உருளைக்குள்ள போயிடும்னு விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் அந்தக் கட்டைய மாட்டுனீங்க?"

"மொதலாளிகிட்ட சொன்னா உன்னை வேலைய விட்டு அனுப்பிடுவாரு. சொல்லாம கடைக்கு அனுப்பவும் மனசு வரல. அந்த எண்ணெய்க் கட்டைங்க இருந்த மூட்டைய ஒதுக்கி வச்சிட்டு, ஒரு ஜோடிய நம்ம சைக்கிள்ல போட்டு ஓட்டிப் பாப்போம்னுதான். விழுந்ததுக்கப்புறம் ஆள்விட்டு மிச்சத்த எரிக்கச் சொல்லிட்டேன்."

அவர் முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பேன்.

மறுவாரமே நிரவியில் ஓர் அறை பார்த்துக்கொண்டு அந்த வீட்டைவிட்டு வெளியேறினேன். எதுக்குப் போறே, நாங்க என்ன குறை வச்சோம் என்று கேட்டு அக்கா அழுதாள். அத்தான் காலை இழுத்து இழுத்து வாசல்வரை வந்து என் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.