பூட்டனாரின் இன்னொரு பேர்

எங்கள் பூட்டனாருக்கு, அதாவது அப்பாவின் தாத்தாவுக்கு, வீட்டில் ஒரு பேர், தேயிலைத் தோட்டத்தில் ஒரு பேர். அப்பா இதை எனக்குச் சொன்னது நூறு தடவைக்குக் குறையாது. காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில் "கருப்பன்" என்று கங்காணி கத்தினால், நாலு கருப்பன்கள் ஒன்றாக "ஆமாங்க" என்பார்களாம். எரிச்சல்பட்ட கங்காணி கடைசியில் நின்றவரைப் பார்த்து, "நீ இன்னையிலேருந்து ராமன்" என்று எழுதிவிட்டார். அந்தக் கடைசி ஆள்தான் பூட்டனார். இந்தியாவில் எந்த ஊர் என்பதையும் கங்காணி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தன் ஊரையே எல்லோருக்கும் போட்டுவிட்டார். அதனால் பதிவில் இருக்கிற ராமன் எங்கள் ஆள், ஊர் எங்களுடையது இல்லை. அசல் ஊரைக் கண்டுபிடிக்க அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், ஆட்கள் குடியிருக்கிற லயம் லயமாக ஏறி இறங்குவார். அந்த அக்கறையில் பாதியை ஒழுகுகிற கூரைக்குக் காட்டலாம் என்பது அம்மாவின் கருத்து.

எனக்குப் பத்து வயதானபோது அந்தத் தேடலுக்கு அவசரம் வந்தது. அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, தெமோதரையிலிருந்து பெண் கேட்டார்கள். அத்தைக்கு முப்பது தாண்டியிருந்தது. மாப்பிள்ளையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழும். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா ஒரு கேள்வியில் உறுதியாக நின்றார்: உங்கள் குலதெய்வம் எது? ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை, கட்டிக்கொள்ளக் கூடாது. எங்களுக்கு ஊரே தெரியாது, சாமிக்கு எங்கே போவது? இதே கேள்வியில் இரண்டு சம்பந்தம் ஏற்கெனவே நின்றுபோயிருந்தது.

பூட்டனார் தன் காகிதங்களைப் போட்டுவைத்த தகரப்பெட்டி பசறையில் ஒரு பெரியப்பாவிடம் இருந்தது. வருஷக்கணக்காகத் தர மறுத்தவர், கல்யாண விஷயம் என்றதும் இறங்கிவந்தார். தெமோதரைக்காரர்கள் வரப்போகிற ஞாயிறு காலையில்தான் அப்பா பஸ் ஏறிப் போனார். அவர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பியபோது மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும் எங்கள் லயத்து அறையான காம்பராவில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடித்து முடித்திருந்தார்கள். தங்கள் சாமி ஆத்தங்கரைப் பெரியண்ணசாமி என்பதையும் சொல்லி முடித்திருந்தார்கள்.

பெட்டியைத் தனியாகத் திறந்து பார்க்கிற புத்தி அப்பாவுக்கு வரவில்லை. சபையில் வைத்துத்தான் திறந்தார். அவர் இரண்டாம் வகுப்போடு நின்றவர், வீட்டில் வாசிப்பதெல்லாம் நான்தான். "படி புள்ள, சத்தமா படி" என்றார்.

முதலில் வந்தது ராமனின் தோட்டத்துக் காகிதம். அதில் கங்காணியின் ஊர். அப்பா அதை ஒரு ஓரமாகத் தள்ளினார். அடியில், மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு கடிதம் இருந்தது. "தம்பி கருப்பனுக்கு அண்ணன் எழுதிக்கொண்டது" என்று நான் தொடங்கியதும் அப்பா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருஷமாகத் தேடிய ஆள் என் கையில் இருந்தார். ஊர்ப்பேர் இருந்தது. அதற்குக் கீழே: "ஆத்தங்கரைப் பெரியண்ணசாமிக்கு இந்த வருசமும் நீயில்லாமல் பொங்கல் வைத்தோம். உன் பங்குக்கு ஒரு பானை தனியாக வைத்தோம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாமி பேரை நான் வேண்டுமென்றேதான் உரக்க வாசித்தேன். அத்தையின் பக்கத்தில் படுத்து வளர்ந்தவள் நான். அவளை யாரும் தெமோதரைக்குக் கொண்டுபோகக் கூடாது.

"அது எங்க சாமியாச்சே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அத்தை அடுப்படி வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கடிதத்தை மெதுவாக வாங்கினார்.

"இது நம்மளோடது இல்லீங்க. எங்க தாத்தா பேரு ராமன். அந்தக் காலத்துல லயத்து ஆளுங்க கடுதாசியெல்லாம் யார் வீட்டுலயாவது தங்கிப்போயிரும்." ஓரத்தில் தள்ளிய காகிதத்தை எடுத்து நீட்டினார். "இதான் எங்க ஊரு. கங்காணி கோயில் கட்டினாரே, அந்த மதுரைவீரன்தான் எங்க சாமி."

எனக்குத் தாங்கவில்லை. "நீங்கதானே சொன்னீங்க, கருப்பன்தான் ராமன்னு."

"அது ஒனக்குச் சும்மா சொன்ன கதை, புள்ள."

தாய்மாமன் இன்னும் அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா இரண்டாவது தேத்தண்ணிக்கு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து போய், "வெறகு ஈரம்" என்று சொல்லிக் கடிதத்தை அடுப்பில் வைத்தார். நன்றாகப் பற்றிக்கொண்டது. தன் பூட்டன் பாட்டன் கடிதத்தை எவனாவது எரிப்பானா? தாய்மாமன் முகம் தெளிந்தது. தை மாதத்துக்கே நாள் குறித்தார்கள்.

நான் அன்று சாப்பிடாமல் அழுதேன். அத்தை போகிறாள் என்பது ஒன்று. அப்பா எனக்கு இத்தனை வருஷமும் பொய் சொல்லியிருக்கிறார் என்பது அதைவிடப் பெரிது. வெகுநாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் விசாரிக்கப் போவதை நிறுத்திவிட்டு, ஒருவழியாகக் கூரையைப் பார்த்தார்.

அடுத்த வருஷம் அத்தைக்கு ஆண் குழந்தை பிறந்தது. ரமேஷ், சுரேஷ் என்று ஊரெல்லாம் வைத்துக்கொண்டிருக்கும்போது, கருப்பன் என்றுதான் வைப்பேன் என்று அத்தை பிடிவாதமாக நின்றாள். அவளுடைய மாமியார் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்ல பேருதான்" என்றார்.

நாங்கள் பார்க்கப் போயிருந்தோம். அப்பா பிள்ளையை வாங்கி முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பெரட்டில் கூப்பிடுவதுபோல "கருப்பன்" என்றார். பிள்ளை என்னவோ சத்தம் போட்டது. "ஆமாங்கன்னு சொல்றான்" என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு பிள்ளையைக் கொஞ்ச இவ்வளவு நேரமா, கடைசி பஸ் போய்விடுமே என்று நான் வாசலில் நின்று சலித்துக்கொண்டிருந்தேன்.