கறிவேப்பிலைச் செடிக்குப் போன லென்ஸ்

என்னைப் பெண் பார்க்க அலங்காநல்லூரிலிருந்து கிளம்பிவிட்டார்கள் என்று போன் வந்தபோது, நான் கான்டாக்ட் லென்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். டப்பா உடைந்துவிட்டதால், இரண்டு லென்ஸையும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் அதற்கான திரவத்தை ஊற்றிப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கிண்ணம் இப்போது அடுப்படி மேடையில் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது.

“சும்மா தண்ணிதானே கெடக்குன்னு கறிவேப்பிலைக்கு ஊத்திட்டேன்டி,” என்றாள் அம்மா.

அவளைக் குறை சொல்ல முடியாது. லென்ஸும் அந்தத் திரவமும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒளியை வளைப்பவை. ஒன்றுக்குள் ஒன்று கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. மிஷன் பள்ளியில் வருடா வருடம் நான் நடத்துகிற பாடம் இது. பிள்ளைகள் தப்பாக எழுதினால் அரை மதிப்பெண்கூடத் தர மாட்டேன். கிண்ணத்தின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவைக்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

என் சோடாபுட்டிக் கண்ணாடியை அம்மா பீரோவுக்குள் வைத்துவிட்டாள். ஏற்கெனவே இரண்டு வரன் அதைப் பார்த்துத்தான் தட்டிப்போனது. எனக்கும் வலித்திருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று அன்று சாயங்காலமே நான் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் விளாங்குடி வீட்டு ஹாலில் காபித் தட்டோடு போய் நின்றேன். எதிரே ஒரு நீலச் சட்டை. அதற்கு மேல் கலங்கலாக ஒரு முகம்.

“பிசிக்ஸ் டீச்சர்னு சொன்னாங்க,” என்றது சட்டை. “மனுசன் யார் கண்ணுலயும் படாம மறைய முடியுமாங்க? சயின்ஸ்ல வழி இருக்கா?”

அப்பாடா என்றிருந்தது. தெரிந்த கேள்வி. ஆய்வகத்தில் சின்னஞ்சிறு பொருட்களை, சில வகை அலைகளுக்கு மட்டும் மறைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்றேன்.

“முழு ஆள மறைக்கிறது கஷ்டங்க. அப்படியே மறைஞ்சாலும் அவருக்குக் கண்ணு தெரியாது. வெளிச்சம் கண்ணுக்குள்ள போயி நின்னாத்தான் பார்வை. நிக்காம கடந்து போயிட்டா, அவரும் யாருக்கும் தெரிய மாட்டாரு, அவருக்கும் ஒண்ணும் தெரியாது.”

சொல்லி முடித்ததும் எனக்கே சுருக்கென்றது. “இந்தா வாரேன்,” என்று உள்ளே போய், பீரோவைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து நின்றேன். அம்மா முறைப்பது தெளிவாகத் தெரிந்தது.

“அப்ப இம்புட்டு நேரம் என்னையப் பாக்கவே இல்லையா?” என்றார் மாப்பிள்ளை.

“இல்லைங்க.”

கூட வந்திருந்த அவருடைய பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை அவரைக் கையமர்த்திவிட்டு எழுந்தார். நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தி, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்தார்.

“பாத்துட்டுச் சொல்லுங்க.”

நான் அவசரப்படவில்லை.