தாழ்ப்பாளில் ஒரு குச்சி

உலகத்தில் இதுவரை பிறந்த வீரர்களையெல்லாம் ஒரே வரிசையில் நிற்க வைத்தால், எங்கள் நைனா ஏசுதாஸ் அந்த வரிசையில் இருக்க மாட்டார். வரிசைக்கு மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டு, "தள்ளி நில்லுங்கப்பா, தண்ணி மேல படப்போவுது" என்று கத்திக்கொண்டிருப்பார். வங்காள விரிகுடாவில் கிளம்புகிற புயல்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நாவலூர்ப் பக்கம் வரும். பருந்துகள் 'அண்ணாத்த' என்று சொல்லி வழிவிடும். இதில் ஒரு பொய்யும் இல்லை. சந்தேகம் இருந்தால் பருந்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாவலூரில் இருக்கிற உயரமான கட்டடங்களுக்கு வெளியே கயிற்றில் இறங்கிக் கண்ணாடி துடைப்பதுதான் நைனாவின் வேலை. உள்ளே ஏசியில் உட்கார்ந்திருப்பவர்கள் அவரைப் பார்த்தால் தலை சுற்றி முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். இவர் டாட்டா காட்டுவாராம்.

அந்த மனிதருக்குப் பூச்சி ஆகாது. ஈசல் பறந்தால் லுங்கியோடு தெருவுக்கு ஓடிவிடுவார். பொன்வண்டு என்று யாராவது பேச்செடுத்தாலே தோளைத் தட்டிவிட்டுக்கொள்வார். போன மாதம் ஷூவுக்குள் ஒரு மரவட்டை படுத்திருந்தது. அதில் காலை விடமாட்டேன் என்று நின்றே கம்பெனி வேனைக் கோட்டைவிட்டார். காண்ட்ராக்டர் திட்டவில்லை. "இன்னொரு வாட்டி வேனை வுட்டா, உன் கயிறு வேற ஆளுக்கு" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அம்மா சோறு போட்டுவிட்டு மளிகைக்கடைக் கடன் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தாள்.

இப்படிப்பட்ட அப்பனுக்கு மகளாகப் பிறந்து, பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் கும்பிடு போட்டுவிட்டு, சும்மா இருக்க முடியுமா? நான் மாமல்லபுரத்தில் சங்கு, சோழி விற்கிற கடையில் வேலை செய்கிறேன். பக்கத்துக் கடையில் ரப்பர் பல்லி, ரப்பர் தேள், ரப்பர் பூரான் எல்லாம் கிடைக்கும். நைனாவின் சாப்பாட்டு டப்பா, தலையணை, சட்டைப் பை, ஓர் இடத்தை நான் விட்டதில்லை. தினமும் அவருக்கு முன்னாலேயே எழுந்து கொல்லைப்புறத்து பாத்ரூமுக்கும் ஒரு நடை போய்வருவேன். அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். என்னைப் போன்றவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

அன்றைக்குத் தூங்கிவிட்டேன்.

"பாப்பா!"

கொல்லையிலிருந்து வந்த அலறலில் பாயிலிருந்து எழுந்து ஓடினேன். அம்மா விடியுமுன்பே ரிசார்ட் சமையலறை வேலைக்குப் போய்விட்டாள். எங்கள் பாத்ரூம் முருங்கை மரத்தை ஒட்டிக் கட்டியது. நாலு பக்கமும் சுவர், மேலே ஷீட்டு, தகரக் கதவு, உள்ளே ஒரு தாழ்ப்பாள். பக்கத்தில் இருக்கிற ஆலையில் கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். எங்கள் பாத்ரூமில் வருவது என்னவோ உப்புத் தண்ணீர்தான். அதனால் தாழ்ப்பாள் துருப்பிடித்து, ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் திறக்கும்.

"இன்னா நைனா?"

"தாப்பா மேல முருங்கக் குச்சி ஒண்ணு கீது."

"எடுத்துப் போட்டுட்டு வாயேன்."

"எடுக்கத்தான் கைய வெச்சேன்."

"அப்புறம்?"

"நடக்குது."

கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். நானும் அப்படி ஒரு பூச்சியைக் கண்டதில்லை. ஒரு சாண் நீளம், காய்ந்த குச்சி நிறம், நூல் மாதிரி கால்கள். காற்றே இல்லாத இடத்தில், காற்றடிப்பது போல மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. நைனா கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் துண்டோடு நின்று, சுவரைக் கட்டிப்பிடித்திருந்தார். காதில் சோப்பு நுரை.

கதவைத் தள்ளினேன். தகரம் அதிர்ந்தது.

"தட்டாதடீ! அது என் பக்கம் திரும்புது!"

ஒரு ஈர்க்குச்சியை இடுக்கு வழியாக நீட்டினேன். பூச்சி அதைப் பார்த்து இன்னும் ஜோராக ஆடியது. சொந்தக்காரன் வந்திருக்கிறான் என்று நினைத்திருக்கும். காற்றுக்கென்று சுவரில் விட்டிருந்த ஓட்டையில் என் தலைகூட நுழையவில்லை. அவர் வெளியே வரவும் வழியில்லை, நான் உள்ளே போகவும் வழியில்லை.

வீட்டுக்குள் அவருடைய போன் அடித்தது. எடுத்துக்கொண்டு கொல்லைக்கே ஓடிவந்தேன். பூபாலன் மாமா. பக்கத்துக் கயிற்றில் நைனாவோடு இறங்குகிறவர்.

"எங்கடி உங்க நைனா? வேன் ஆலைகிட்ட வந்துகினு கீது. இன்னிக்கு நிக்க மாட்டேன்றான் டிரைவரு!"

"ஷூ மாட்டிகினு கீறாரு மாமா."

நைனாவுக்கும் கேட்டுவிட்டது. சின்னக் குரலில், "போச்சு பாப்பா. ஜுரம்னு சொல்லிடு" என்றார்.

அவர் பயந்து நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் குரலை மட்டும் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மொட்டைமாடியிலிருந்து இறங்குவதற்கு முன்னால் ஒருவன் கட்டிய முடிச்சை, மாட்டிய கொக்கியை, கூட்டாளி இழுத்துப் பார்த்து, "பாத்தாச்சு" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை காதில் விழாமல் முதலாளியே சொன்னாலும் காலை வெளியே வைக்க மாட்டார்கள். காதில் விழுந்துவிட்டால் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். வீட்டில் கேஸை மூடினாலும் நைனா, "பாத்தாச்சா?" என்றுதான் கேட்பார். நான் அதைச் சொல்லிக்காட்டிக் கிண்டல் பண்ணாத நாளில்லை.

"நைனா, அது நான் வெச்சது" என்றேன். "ரப்பரு. புதுசு. பேட்டரி போட்டது, அதான் ஆடுது."

"பொய்யி."

"டப்பாவுல தேளு வெச்சது யாரு? தலகாணில பல்லி வெச்சது யாரு? இத மட்டும் வேற எவன் வந்து வெப்பான்?"

ரோட்டில் வேன் ஹாரன் அடித்தது.

"நைனா, பாத்தாச்சு."

பக்கெட் நகர்ந்தது. தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. கதவைத் திறந்துகொண்டு கண்ணை இறுக மூடியபடி வந்தார். அந்தக் குச்சி அவர் மணிக்கட்டில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. வெறுங்கையால் பிடித்து முருங்கை மேல் வீசினேன். கண்ணைத் திறந்தவர் என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தார். "பேஜாரு புடிச்ச கழுத!" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி, பேண்ட்டை மாட்டிக்கொண்டு, ஷூவைக் கையில் பிடித்தபடி ரோட்டுக்குப் பாய்ந்தார். வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டபிறகுதான் தலை வலித்தது.

சாயங்காலம் டீயை உறிஞ்சிக்கொண்டே, "எடு அந்த ரப்பர" என்றார்.

"கடல்ல வீசிட்டேன்."

மணிக்கட்டை நீட்டினார். "இதும்மேல ஏறி நின்னுது. ஒவ்வொரு காலும் தனித்தனியா கூசிச்சு. பேட்டரிக்கு அப்டி கூசுமா?"

"அப்ப நெசம்னு தெரிஞ்சா கைய வெச்ச?"

"நீதான பாத்தாச்சுன்ன."

நான் டீயைப் பார்த்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது.

"தெனம் நான் எழறதுக்கு முன்ன பக்கெட்ட உதைக்கிறது, துண்ட உதர்றது, கதவிடுக்குல தொடப்பத்த வுட்டுத் தேய்க்கிறது, எல்லாம் எனக்குக் கேக்காதுன்னு நெனச்சிகினியா? இன்னிக்கு அந்தச் சத்தம் வரல. அப்பவே தெரியும், உள்ள எவனோ குந்திகினு கீறான்னு. வேனுக்கு நேரமாச்சேன்னு போனேன்."

"அது நான் ரப்பரு வெக்கப் போறது நைனா."

"ஆமாமா" என்றார், டம்ளரைக் கீழே வைத்து. "நாளைக்கும் போய் வெய்யி. தூங்கிடாத."